அண்ணே, டிம் போடுங்கண்ணே! – போடி மலைப்பாதையும் ஹெட்லைட்டின் நூறு வருடக் கதையும்

விடியற்காலை ஐந்து மணிக்குப் போடிநாயக்கனூர் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். ஆனால் முந்தல் சாலையில் ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களும் ஆண்களும் மடியில் தூக்குச்சட்டியோடு நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தாம்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் இறங்கி, பொழுது சாய்வதற்குள் திரும்பி வரவேண்டும். அதே நேரத்தில் மேலேயிருந்து சரக்கு ஏற்றிய பிக்கப் வண்டிகள் இறங்கிக் கொண்டிருக்கும். நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலம் என்றால் கூடவே மூடுபனியும்.

இந்தப் பாதையில் எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடித்தால் டிரைவர் வாயில் வரும் முதல் வார்த்தை, "டிம் போடுறானா பாரு" என்பதுதான். (அடுத்து வரும் வார்த்தைகளை எழுத முடியாது!) இதில் வேடிக்கை என்னவென்றால், பல நேரம் எதிரே வருபவர் டிம்தான் போட்டிருப்பார். டிம் போட்டும் ஏன் கண் கூசுகிறது? பதில் தெரிய வேண்டுமானால் ஒரு நூறு வருடம் பின்னால் போகவேண்டும்.

கண்ணைக் கூசாத விளக்கு

இந்த மலைக்கு மோட்டார் வருவதற்கு முன்பே சரக்குப் போக்குவரத்து இருந்தது. 1902-ல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளை பள்ளத்தாக்கு ரயில் வந்தது. முதலில் ஒற்றைத் தண்டவாளம், இழுத்தது காளை மாடுகள். 1908-ல் அது குறுகிய ரயில் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வே வழியாகக் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடிக்கு வரும். 1924-ம் வருடப் பெருவெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்து போனது. மறுபடி போடப்படவே இல்லை. நான்கு வருடம் கழித்து, 1928-ல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது.

அந்தக் காலத்து இரவு வண்டி என்றால் மாட்டு வண்டிதான். வண்டிக்கு அடியில் ஒரு மண்ணெண்ணெய் லாந்தர் ஆடிக்கொண்டே வரும். அதன் வெளிச்சம் மாட்டின் காலடிக்கும் சக்கரத்துக்கும் மட்டும்தான். எதிரே வருபவருக்கு "ஒரு வண்டி வருகிறது" என்று தெரியும், அவ்வளவுதான். யாருக்கும் கண் கூசாது. வேகமும் குறைவு என்பதால் அந்த வெளிச்சமே போதுமாக இருந்தது.

மோட்டார் வண்டிக்கு அது போதாது. முதலில் கார்பைடு விளக்கு வந்தது. கால்சியம் கார்பைடில் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு வரும், அது எரியும். பிறகு மின்சார விளக்கு. அமெரிக்காவின் கேடிலாக் கம்பெனி 1912-ல் சுவிட்ச் போட்டால் ஸ்டார்ட் ஆகிற, மின் விளக்கு எரிகிற காரை விற்க ஆரம்பித்தது. வெளிச்சம் கூடிய உடனே இன்னொரு பிரச்சினையும் கூடவே வந்துவிட்டது. எதிரே வருபவருக்குக் கண் தெரியவில்லை!

டிம் பிறந்த கதை

1915-ல் அமெரிக்காவின் கைட் லேம்ப் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. விளக்கையே கீழ்நோக்கிச் சாய்ப்பது. ஆனால் அதற்கு வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், விளக்கில் இருக்கும் லீவரைத் திருப்ப வேண்டும். எதிரே வண்டி வரும்போதெல்லாம் யார் இறங்கி ஏறுவார்கள்? 1917-ல் கேடிலாக், உள்ளே உட்கார்ந்தபடியே சாய்க்கும் லீவரைக் கொடுத்தது. 1924-ல், அதாவது இங்கே வெள்ளம் ரயிலைக் கொண்டுபோன அதே வருடம், ஜெர்மனியின் ஓஸ்ராம் கம்பெனி 'பைலக்ஸ்' பல்பை வெளியிட்டது. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். ஒன்று பிரைட், ஒன்று டிம். 1927-ல் காலால் மிதிக்கும் டிம்மர் சுவிட்ச் வந்தது. பழைய அம்பாசடரும் வில்லிஸ் ஜீப்பும் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கிளட்சுக்கு இடது பக்கம் தரையில் ஒரு பொத்தான் இருக்கும். இடது காலால் ஒரு தட்டு தட்டினால் டிம், இன்னொரு தட்டு தட்டினால் பிரைட்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் யாரும் வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிற்கவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் மாற்றினார்கள். 'டிம்' என்றால் மங்கல் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது 'கீழே பார்க்கும்' விளக்கு. இன்று சாதாரணமாகப் புழங்கும் எச்4 ஹாலஜன் பல்பை எடுத்துக் கொள்ளுங்கள். 1971-ல் வந்தது. அதில் பிரைட் 60 வாட், டிம் 55 வாட். வெறும் 5 வாட்தான் வித்தியாசம். ஆனால் டிம் இழைக்கு அடியில் ஒரு குட்டித் தகரக் கிண்ணம் இருக்கும். அது கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைத்துவிடும். மீதி வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டுக் கீழே சாலையில் விழும். வித்தை முழுவதும் அந்தக் கிண்ணத்தில்தான்.

நடுவில் ஒரு நாடு நிறத்தை மாற்றிப் பார்த்தது. பிரான்சில் 1936-லிருந்து ஹெட்லைட் மஞ்சளாகத்தான் இருக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. 1993-ல் கைவிட்டார்கள். மலைப்பகுதி டிரைவர்கள் இன்றும் மஞ்சள் விளக்கு பனியைக் கிழிக்கும் என்பார்கள். பனித்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. பனி விளக்கு உதவுவதற்குக் காரணம் அது பம்பருக்குக் கீழே தாழ்வாக இருப்பதும், வெளிச்சம் மேலே போகாததும்தான். இங்கேயும் விஷயம் திசைதான். பனியில் பிரைட் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் தெரிவதும் இதனால்தான்.

ஜீப் ஏறிய மலை

அமெரிக்காவில் 1940 மாடல் கார்களிலிருந்து 'சீல்டு பீம்' விளக்கு வந்தது. பல்பு, கண்ணாடி, ரிஃப்ளெக்டர் மூன்றும் சேர்ந்த ஒரே உருண்டை, ஏழு இஞ்ச் வட்டம். மஹிந்திரா கம்பெனி 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்ட ஆரம்பித்தது. ஏலமலைப் பாதைகளுக்கு ஜீப்பை விட்டால் வேறு வண்டி சரிப்படாது என்று ஆனது. ஜீப் முகத்தில் இருக்கும் அந்த இரண்டு வட்டக் கண்களும் ஏழு இஞ்ச்தான். 1986-ல் டாடா 407 வந்தது. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. பிறகு பொலிரோ பிக்கப் போன்றவை பெருகின. ஆள் ஜீப்பில், சரக்கு பிக்கப்பில் என்று ஆகிவிட்டது.

சட்டமும் கூடவே வளர்ந்தது. 1914-ல் முதல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம், பிறகு 1939, பிறகு 1988. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் வந்தன. அதில் 106-வது விதி முன்விளக்கைப் பற்றிச் சொல்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், விளக்கின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு மனிதனின் கண் இருந்தால் அந்தக் கண் கூசக்கூடாது. விளக்கு ஒன்று நிரந்தரமாகவே கீழ்நோக்கி இருக்கவேண்டும், இல்லையென்றால் டிரைவர் கீழ்நோக்கிச் சாய்க்கும்படி இருக்கவேண்டும். ஆக, சட்டமும் திசையைப் பற்றித்தான் பேசுகிறது.

ஆனால் நடைமுறையில் நமக்குத் தெரிந்தது கருப்பு வட்டம். ஹெட்லைட் நடுவில் கருப்புப் பெயிண்ட் அடிப்பது அல்லது ஸ்டிக்கர் ஒட்டுவது. சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் தமிழ்நாட்டில் போக்குவரத்து போலீசாரும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தினரும் வண்டிகளை நிறுத்தி ஒட்டுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கருப்பு வட்டம் வெளிச்சத்தின் அளவைக் கொஞ்சம் குறைக்கும், திசையை மாற்றாது. மேலே பார்க்கும் விளக்கு வட்டம் ஒட்டிய பிறகும் மேலேதான் பார்க்கும். மலையில் ஓட்டுபவருக்கு வெளிச்சம் போதாமல் போய், அவர் அதிகத் திறனுள்ள பல்பையோ எல்இடி-யையோ மாட்டிக்கொள்வார். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி-யை மாட்டினால், வெளிச்சம் பிறக்கும் இடமே மாறிவிடுவதால் அது கண்டபடி சிதறும். கதை முதலிலிருந்து தொடங்கும்.

மூட்டை ஏறினால் விளக்கும் ஏறும்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். டிம் போட்ட பிக்கப் ஏன் கண்ணில் அடிக்கிறது? ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும்.

டிம் வெளிச்சம் சுமார் 1 சதவீதம் கீழே சாய்ந்திருக்க வேண்டும். அதாவது 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம். பிக்கப்பின் விளக்கு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் தூரத்தில் அந்த வெளிச்சத்தின் மேல் விளிம்பு 40 சென்டிமீட்டரில் இருக்கும். எதிர் டிரைவரின் முழங்காலுக்குக் கீழே!

பின்னால் மூட்டை ஏற்றுகிறோம். பின்பக்கப் பட்டை (ஸ்பிரிங்) அமுங்குகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 3 மீட்டர் இடைவெளி என்றால், பின்பக்கம் 5 சென்டிமீட்டர் இறங்கினாலே வண்டி சுமார் 1 டிகிரி மூக்கைத் தூக்கிவிடும். 1 டிகிரி என்றால் ஏறக்குறைய 1.75 சதவீதம். 1 சதவீத இறக்கம் போய் 0.75 சதவீத ஏற்றமாகிவிட்டது. அதே 50 மீட்டரில் வெளிச்சம் இப்போது 127 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். கார் ஓட்டுபவரின் கண் மட்டம் ஏறக்குறைய அதுதான். டிரைவர் சத்தியம் பண்ணுவார், "டிம்தாங்க போட்டிருக்கேன்" என்று. அவர் சொல்வது உண்மை. எதிரே கண் கூசியவர் சொல்வதும் உண்மை!

எஃப்.சி. காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி காலியாகத்தான் நிற்கும். அப்போது விளக்கு சரியாக இருக்கும். ஆனால் வண்டி சம்பாதிப்பது லோடு ஏற்றித்தானே.

மலையில் இது இன்னும் மோசம். ஏற்றம் முடிந்து சமமாகும் இடத்தில் எந்த வண்டியின் விளக்கும் ஒரு கணம் வானத்தைப் பார்க்கும். அதோடு லோடு சாய்வும் சேர்ந்தால் எதிரே இறங்குபவர் முகத்தில்தான் அடிக்கும். இருட்டுக்குப் பழகிய கண் ஒரு தடவை கூசினால் தெளிய சில நொடிகள் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற மலை வேகத்தில்கூட மூன்று நொடிக்கு 25 மீட்டர் போய்விடும். கொண்டை ஊசி வளைவில் 25 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு சுவரும் ஒரு ஸ்க்ரூடிரைவரும்

இதற்கு வைத்தியம் சுலபம். ஐரோப்பாவில் 1990-களில், உள்ளேயிருந்தே விளக்கின் சாய்வை மாற்றும் வசதி கட்டாயமானது. நம் ஊர் வண்டிகள் பலவற்றிலும் டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். காலி வண்டிக்கு 0, லோடு ஏற ஏற 1, 2, 3. பலர் அதைத் தொட்டதே இல்லை.

அந்தச் சக்கரம் இல்லையென்றால், சமதரையில், ஒரு சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தவேண்டும். டயரில் காற்று சரியாக இருக்கவேண்டும், வழக்கமான லோடு ஏறியிருக்கவேண்டும், டிரைவர் சீட்டில் ஆள் இருக்கவேண்டும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்கவேண்டும். நிற்கவில்லையென்றால் விளக்குக்குப் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும். எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் செய்து தருவார். பெரிய செலவும் கிடையாது. கருப்பு ஸ்டிக்கர் ஒட்டும் நாளில் இந்தச் சுவரையும் கோட்டையும் வைத்து லோடு வண்டிகளைப் பார்த்தால் பலன் பல மடங்காக இருக்கும்.

குறுகலான மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது நெடுங்காலமாக இருக்கும் விதி. வழிவிட வேண்டுமென்றால் முதலில் எதிர் வண்டி தெரியவேண்டும். அது எங்கே நிற்கிறது, சாலை ஓரம் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவேண்டும். அதைத் தெரியவிடாமல் செய்வது பெரும்பாலும் திமிர் பிடித்த டிரைவர் இல்லை. லோடு ஏறியதும் திருப்பாமல் விட்ட ஒரு ஸ்க்ரூதான்.

விடியற்காலை ஜீப்பில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருப்பவர்கள் கையில் ஸ்டியரிங்கும் கிடையாது, டிம் சுவிட்சும் கிடையாது. எதிரே வரும் பிக்கப்பின் விளக்கு எங்கே பார்க்கிறது என்பதை நம்பித்தான் அவர்கள் தினமும் மலை ஏறுகிறார்கள். அடுத்த முறை லோடு ஏற்றும்போது கயிறு கட்டி முடித்ததும், முன்னால் போய் விளக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் அண்ணே.