தோற்கவில்லை, ஆனால் அழைக்கவில்லை: சான் பிரான்சிஸ்கோ 1951

கால்பந்து என்றால் நமக்கெல்லாம் காலால் உதைத்து ஆடுகிற ஆட்டம்தான். அமெரிக்கர்கள் அதே பேரை வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டி, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். குறுக்கே வருகிறவனை முட்டித் தள்ளுவார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், இந்தக் கதைக்கு வேறு விதி எதுவும் தேவையில்லை.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்துகிற ஒரு சிறிய கல்லூரி (சென்னை லயோலாவும் அதே சபையினுடையதுதான்). அதன் அணிக்கு 'டான்ஸ்' என்று பேர். நடனம் இல்லை, ஸ்பானியப் பிரபுக்களைக் குறிக்கும் 'டான்' என்ற சொல்லின் பன்மை! கோச் ஜோ குஹாரிச் கண்டிப்பான ஆள். சீசன் தொடங்கும் முன் பையன்களைக் கார்னிங் என்ற ஊருக்கு அழைத்துப் போய், கொளுத்துகிற வெயிலில் பயிற்சி கொடுத்தார். அந்த முகாமைத் தாங்கியவர்களுக்கு அப்புறம் வந்த மேட்ச்கள் பெரிதாகத் தெரிந்திருக்காது.

அந்த டீமில் இருந்தவர்களைப் பாருங்கள். ஜினோ மார்க்கெட்டி இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்து படித்தவர். பாப் செயின்ட் கிளேர் ஆறே முக்கால் அடி உயரம். ஓட்டக்காரர் ஆலி மேட்சன், தற்காப்பில் பர்ல் டோலர். டோலர் டென்னசியின் மெம்பிஸ் நகரத்துக்காரர், மேட்சன் டெக்சாஸில் பிறந்தவர். இருவரும் தெற்கு மாநிலத்து மண். இருவரும் கறுப்பர்கள். அணியில் கறுப்பர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். டீம் பற்றிப் பத்திரிகைகளுக்குச் செய்தி தருகிற வேலையைப் பார்த்தவர் பீட் ரோசல் என்ற இளைஞர். பின்னாளில் 1960 முதல் 1989 வரை அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லையே நடத்தியவர் இவர்தான்.

1951-ல் ஆடிய ஒன்பது ஆட்டத்திலும் ஜெயித்தார்கள். நியூயார்க்கில் ஃபோர்டம் கல்லூரியோடு ஆடியது மட்டும் கொஞ்சம் இழுபறி, 32-26. அந்த மேட்ச்சில் எதிரணி உதைத்து அனுப்பிய பந்தை மேட்சன் இரண்டு முறை வாங்கி, முழு மைதானத்தையும் ஓடிக் கடந்து டச் டவுன் போட்டார். பசிபிக் கல்லூரியை 47-14 என்று நொறுக்கினார்கள். கடைசியாக லாஸ் ஏஞ்சல்ஸ் லயோலாவை 20-2. அந்த வருடம் மேட்சன் ஓடிய தூரம் 1,566 கெஜம். நாட்டிலேயே அதிகம்.

இனிதான் விஷயமே வருகிறது.

அங்கே கல்லூரி சீசன் முடிந்ததும், புத்தாண்டையொட்டி 'பௌல்' ஆட்டங்கள் நடக்கும். ஆரஞ்சு பௌல், சுகர் பௌல், கேட்டர் பௌல் என்று ஊருக்கு ஒன்று. அந்தக் காலத்தில் இவற்றில் ஆட யாரைக் கூப்பிடுவது என்பதைப் பெரும்பாலும் அந்தந்த ஊர்க் கமிட்டிதான் முடிவு செய்யும். கூப்பிட்டால் பெருமை மட்டும் இல்லை, டிக்கெட் வசூலில் நல்ல பங்கும் கிடைக்கும். இந்தக் கல்லூரிக்கோ கால்பந்தால் ஏற்கெனவே நஷ்டம். அதே நகரத்தின் கெசார் மைதானத்தில் தொழில்முறை அணியான ஃபார்ட்டி நைனர்ஸும் ஆடிக்கொண்டிருந்தது. ரசிகனின் காசு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஒரு பௌல் அழைப்பு வந்திருந்தால் கணக்குப் புத்தகத்தில் சிவப்பு மை குறைந்திருக்கும்.

ஆனால் பெரிய பௌல்களில் பல தெற்கே நடந்தன. மயாமி, நியூ ஆர்லியன்ஸ், ஜாக்சன்வில்... கறுப்பருக்குத் தனிப் பள்ளி, பஸ்ஸில் தனி இருக்கை என்று சட்டமே இருந்த ஊர்கள். வடக்குக் கல்லூரிகள் தெற்கோடு ஆடும்போது தங்கள் கறுப்பு வீரரை உட்கார வைத்துவிடுவது பல வருடங்களாக நடந்த வழக்கம். அதற்கு 'கனவான்கள் ஒப்பந்தம்' என்று மரியாதையான பேர் வேறு!

டான்ஸ் வீரர்கள் பின்னாளில் சொன்னது இது. மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்று சேதி வந்தது. கோச் அதை அணியிடம் சொன்னார். ஓட்டெடுப்பு என்று உட்கார வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர்கள் இல்லாமல் நாங்களும் இல்லை என்று முடிந்துவிட்டது. அத்தனை பேரும் இருபதைத் தொட்ட பையன்கள். புத்தாண்டு அன்று நாடே ரேடியோவில் கேட்கப்போகிற மேட்ச்சை வேண்டாம் என்றார்கள்.

"அவர்கள் பலமான அணிகளோடு ஆடவே இல்லை, அதனால்தான் கூப்பிடவில்லை" என்று ஒரு வாதம் உண்டு. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒன்பது ஆட்டங்களில் ராணுவ முகாம் அணிகளோடு ஆடியவையும் சேர்த்தி. நாட்டின் பத்திரிகைத் தர வரிசையிலும் 14-ஆம் இடம்தான் கிடைத்தது. ஆனால் இவர்களிடம் 33 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற பசிபிக் கல்லூரிக்கு எல் பாசோவில் சன் பௌல் அழைப்பு வந்தது. போனார்கள், அங்கே டெக்சாஸ் டெக்கிடம் 25-14 என்று தோற்றார்கள். தோற்றவனுக்கு இருக்கிற தகுதி ஜெயித்தவனுக்கு இல்லை என்றால் அது ஆட்டத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்காக இருக்க முடியாது. ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியா டெக்கும் பேலரும் ஆடின. இரண்டுமே வெள்ளையர் மட்டும் படித்த தெற்குக் கல்லூரிகள்.

அதே 1951 அக்டோபரில் ஒக்லஹோமாவில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பு வீரர் ஜானி பிரைட், கையில் பந்து இல்லாமல் நின்றபோதே தாக்கப்பட்டு, தாடை உடைந்தது. அதைப் படம் எடுத்த இருவருக்கு 1952-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அடித்தவருக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. சுகர் பௌலில் ஒரு கறுப்பு வீரர் கால் வைக்க 1956 வரை ஆனது. அப்போதும் எதிரணி மாநிலமான ஜார்ஜியாவின் கவர்னர் ஆட்டத்தையே தடுக்கப் பார்த்தார்.

பௌல் பணம் வரவில்லை. சீசன் முடிந்த கையோடு கல்லூரி கால்பந்து அணியையே மூடிவிட்டது. ஒரு ஆட்டம்கூடத் தோற்காத டீம்! நஷ்டத்தால் அந்தக் காலத்தில் பல கத்தோலிக்கக் கல்லூரிகள் கால்பந்தை விட்டன, இவர்கள் மட்டும் இல்லை. ஒரு பௌல் வசூல் அணியைக் காப்பாற்றியிருக்குமா என்றால், சில வருடம் தள்ளிப் போட்டிருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில வருடங்களைத்தான் இந்தப் பையன்கள் விட்டுக்கொடுத்தார்கள். இதே கல்லூரி 1955-லும் 1956-லும் பில் ரஸ்ஸலை வைத்துக்கொண்டு கூடைப்பந்தில் தேசிய சாம்பியன் ஆனது தனிக்கதை.

மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். 1959-ல் இவர் ஒருவருக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் ஒன்பது பேரைக் கொடுத்தது. மேட்சன், மார்க்கெட்டி, செயின்ட் கிளேர் மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூன்று பேர்!

டோலருக்குத்தான் விதி சதி செய்தது. 1952-ல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் போனது, தொழில்முறை வாழ்க்கை தொடங்கும் முன்பே முடிந்தது. ஆசிரியர் ஆனார், பள்ளி முதல்வர் ஆனார். 1965-ல் என்.எஃப்.எல். நடுவராக மைதானத்துக்குத் திரும்பினார். அந்த லீகின் முதல் கறுப்பு நடுவர் அவர். அப்போது லீகின் தலைவர் யார் தெரியுமா? பழைய செய்தித் தொடர்பாளர் ரோசல்தான். 1980 சூப்பர் பௌலிலும் டோலர் நடுவராக நின்றார்.

2006-ல் கல்லூரி அந்த அணியில் உயிரோடு இருந்தவர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. டோலர் 2009-ல் காலமானார். கல்லூரி வளாகத்தில் ஒரு மாணவர் விடுதி நெடுங்காலம் ஜேம்ஸ் ஃபீலன் என்ற அரசியல்வாதியின் பேரில் இருந்தது. "கலிபோர்னியா வெள்ளையாகவே இருக்கட்டும்" என்று 1920-ல் கோஷம் வைத்துத் தேர்தலில் நின்றவர் அவர். மாணவர்கள் போராடிய பின் 2017-ல் அந்தப் பேரை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த விடுதி டோலர் ஹால்.