வேலைக்கும் வீட்டுக்கும் இடையே: படப்பை–ஒரகடம் தொழில்வட்டாரத்தில் நகரமைப்பும் கரிம உமிழ்வும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்துக்கு ரெனோ–நிசானும், 2012இல் டெய்ம்லரும், 2013இல் ராயல் என்ஃபீல்டும் வந்தன. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் என்று அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழில் வளாகங்கள் பெருகின. இந்த ஆலைகளுக்கு வேண்டிய நிலம், மின்சாரம், தண்ணீர், துறைமுகம்வரை செல்லும் அகலச் சாலை அனைத்தையும் அரசு முன்கூட்டியே திட்டமிட்டுக் கொடுத்தது. அங்கே வேலை செய்யப்போகும் லட்சக்கணக்கானவர்கள் எங்கே குடியிருப்பார்கள் என்ற கேள்வி மட்டும் சந்தையின் பொறுப்பில் விடப்பட்டது. இவ்வட்டாரத்தின் போக்குவரத்து உமிழ்வில் பெரும்பகுதி அந்த ஒரு விடுபடலிலிருந்து பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதைச் சரிசெய்யத் தகுந்த இடங்களில் முதன்மையானது வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ள படப்பை.

காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு (ஐ.பி.சி.சி.) 2022இல் வெளியிட்ட தணிப்பு அறிக்கை, குடியிருப்பையும் வேலையிடத்தையும் அருகருகே அமைத்துப் பொதுப் போக்குவரத்தோடு இணைக்கும் செறிவான நகர வளர்ச்சி, வழக்கமான போக்கோடு ஒப்பிட 2050க்குள் 23 முதல் 26 விழுக்காடு உமிழ்வைக் குறைக்கக்கூடும் என்கிறது. இது உலகளாவிய மதிப்பீடு. ஒரகடத்துத் தொழிலாளியின் பயணத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதைத் தனியாகக் கணக்கிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வண்டியில் தனியாகப் போகிறவர் கிலோமீட்டருக்கு 46 கிராம் உமிழ்கிறார். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் கம்பெனி பஸ்ஸில் 45 பேர் அமர்ந்தால் ஆளுக்கு 15 கிராம். பஸ்தான் தூய்மையானது, இதில் ஐயமில்லை. ஆனால் அந்த பஸ் எங்கிருந்து வருகிறது? காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு, அரக்கோணம் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வருகிறார்கள். ஒரு வழிக்கு 60 கிலோமீட்டர் என்று கொண்டால், போக வர 120 கிலோமீட்டருக்கு ஒருவரின் பங்கு 1.8 கிலோ. தாம்பரம் பக்கத்திலிருந்து இருசக்கர வண்டியில் நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டி வருபவரின் உமிழ்வும் ஏறத்தாழ அதே 1.8 கிலோதான். பஸ் மிச்சப்படுத்தியதைத் தூரம் விழுங்கிவிட்டது. அதே தொழிலாளி படப்பையில் குடியிருந்து ஒரு வழிக்கு 8 கிலோமீட்டர் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தால் நாளுக்கு 0.24 கிலோ போதும். முந்தையதில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. பஸ் ஒரு வழியில் காலியாக ஓடுவதைச் சேர்த்தால் இரண்டு பஸ் கணக்குகளும் இரட்டிப்பாகும். அவற்றுக்கிடையே விகிதம் மாறாது.

மின்சார வண்டிகள் வந்துவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை என்பவர்கள் உண்டு. ஒரு யூனிட் மின்சாரத்தில் 33 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றே கொள்வோம். நமது மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு இன்றும் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகக் கிலோமீட்டருக்கு 21 கிராம், 40 கிலோமீட்டருக்கு 0.84 கிலோ. படப்பையிலிருந்து டீசல் பஸ்ஸில் போகிறவரைவிட இது மூன்று மடங்குக்கும் மேல். எரிபொருளை மாற்றுவது நல்லதே. தூரத்தைக் குறைத்தால் வரும் பலன் அதைவிடப் பெரிது, மின்தொகுப்பு தூய்மையாகும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். ஆலைக்கு நடந்து போகும் ஊரை நான் கேட்கவில்லை. கார் ஆலை ஒன்று நூற்றுக்கணக்கான ஏக்கரில் பரந்து கிடப்பது. வாயிலிலிருந்து பணியிடத்துக்குப் போவதே ஒரு நடை. அந்த அளவுள்ள ஆலைகளைச் சுற்றி நடைதூரத்தில் எல்லோருக்கும் வீடு அமைக்க வடிவியல் இடம் தராது. செறிவு என்பதற்கு இவ்வட்டாரத்தில் பொருள் வேறு: ஆலை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நடந்தே போக முடிய வேண்டும். பள்ளி, ரேஷன் கடை, காய்கறிக் கடை, மருத்துவமனை, கம்பெனி பஸ் நிற்கும் இடம். ஆலைக்கு மட்டும் குறுகிய பஸ் பயணம்.

ஆய்வுலகமும் இதையே சுட்டுகிறது. அடர்ந்த நகரங்கள் குறைவாகப் பெட்ரோல் எரிக்கின்றன என்று நியூமனும் கென்வொர்த்தியும் 1989இல் 32 நகரங்களை ஒப்பிட்டு நிறுவியதிலிருந்து, மாடியை உயர்த்தினால் போதும் என்ற எண்ணம் திட்டமிடுபவர்களிடையே வேரூன்றிவிட்டது. யூயிங்கும் செர்வீரோவும் 2010இல் செய்த தொகுப்பாய்வு அதைத் திருத்தியது. மக்களடர்த்தி மட்டும் 10 விழுக்காடு கூடினால் வாகனப் பயணம் 0.4 விழுக்காடுதான் குறைகிறது. வேலையிடங்களை எட்டும் வசதி அதே அளவு கூடினால் 2 விழுக்காடு குறைகிறது. தெருச் சந்திப்புகள் 10 விழுக்காடு நெருங்கினால் மக்கள் நடப்பது 3.9 விழுக்காடு கூடுகிறது. பெரும்பாலும் அமெரிக்க நகரங்களிலிருந்து வந்த எண்கள் இவை, அப்படியே இங்கே பொருத்தக்கூடாது. ஆயினும் வரிசை முக்கியம்: எத்தனை மாடி என்பதற்கு முன்னால் எங்கே, எப்படிப்பட்ட தெருவில் என்பதே வருகிறது.

படப்பையைச் சுற்றி நடந்திருப்பது இதற்கு நேர் எதிர். ஏரிப் பாசனம் பெற்ற வயல்கள் ஒவ்வொன்றாக மனைப்பிரிவுகளாயின. ஒவ்வொரு மனைப்பிரிவும் பெருஞ்சாலையிலிருந்து ஒரு வாயிலோடு உள்ளே போய் முடிகிறது. பக்கத்து மனைப்பிரிவோடு தெரு சேர்வது அரிது. பல மனைகளில் கல் நட்டிருக்கிறது, வீடு இல்லை. வாங்கியவர் சேமிப்பாகப் போட்டுவைத்திருக்கிறார். வீடு கட்டியவரோ பால் வாங்கவும் வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது இப்போக்கைத் திருத்த நல்ல வாய்ப்பு கிடைத்தது. 2017இல் வந்த வரன்முறைப்படுத்தும் விதிகள் கட்டணத்தையும் ஆவணத்தையும் ஒழுங்குபடுத்தின. தெருக்களை ஒன்றோடொன்று இணைக்கவில்லை.

ஊரின் நடுவே செல்லும் சாலையும் இதே கதைதான். சரக்கு லாரிகளுக்காக அகலப்படுத்தப்பட்ட சாலை, கடைவீதியை இரண்டாகப் பிளக்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து விடியலில் பஸ்ஸைவிட்டு இறங்கும் பெண், நடுத்திட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போக வேண்டியிருக்கிறது. விளக்கும் நடைபாதையும் இல்லாத தெருவில் அரை கிலோமீட்டர் நடக்கத் தயங்குபவர் ஷேர் ஆட்டோவுக்குக் கைகாட்டுவார், கையில் பணம் சேர்ந்ததும் ஸ்கூட்டர் வாங்குவார். இன்று இவ்வட்டாரத்தில் ஆள் ஒருவருக்கான உமிழ்வு குறைவாக இருப்பதற்கு முக்கியக் காரணம் குறைந்த ஊதியம். ஊதியம் உயரத்தான் வேண்டும். உயரும்போது நடை ஏற்கெனவே வசதியாக இருந்தால் மட்டுமே அந்தக் குறைவு நிலைக்கும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமன்று. பெரம்பூரில் 1955இல் ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலை தொடங்கியபோது ஆலையோடு குடியிருப்பும் எழுந்தது. ஆவடி, நெய்வேலி, திருச்சி பெல் எல்லாவற்றிலும் குடியிருப்பு ஆலைத் திட்டத்தின் ஓர் அங்கம். தாராளமயத்துக்குப் பின் அந்த அங்கம் கழன்றுபோனது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் பாதை என்ற நெடுநாள் திட்டமும் தொழிலாளிக்குப் பயன்படும் நிலைக்கு வரவில்லை.

அரசு இத்தவற்றை உணரத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு வல்லம் வடகால் சான்று. 2021 டிசம்பரில் ஒரு பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சானதும், பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியதும் நாட்டையே உலுக்கின. 2024 ஆகஸ்டில் சிப்காட் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைத் திறந்தது. இதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது படுக்கைகளின் தொகுப்பு, ஊர் அன்று. திருமணமானதும் அங்கே தங்கியிருக்கும் பெண் வெளியேற வேண்டியிருக்கும். அப்போது அவருக்கு எட்டும் வாடகையில் வீடு நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், மிச்சம்பிடித்த உமிழ்வு அந்த நாளிலேயே திரும்பி வந்துவிடும். குடும்பங்களுக்கான வாடகை வீடுகளே இங்கே தீர்வு.

சிமென்டும் இரும்பும் உமிழ்வைக் கூட்டாதா என்று கேட்பது நியாயம். உயர் கோபுரங்கள் கட்டினால் கூட்டும். தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடியும் கொண்ட, லிஃப்ட் தேவைப்படாத வீடுகளே படப்பைக்குப் போதும். இதைவிடக் கடினமான எதிர்வாதம் நிலவிலை. ஊர் வசதியாக மாறினால் வாடகை ஏறி, யாருக்காகக் கட்டினோமோ அவரே வெளியேற்றப்படுவார். அதனால் பொதுநிலத்தில் அரசே வாடகைக்கு விடும் வீடுகள் இல்லாமல் இத்திட்டம் தோற்கும் என்றே கருதுகிறேன்.

செறிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. படப்பைப் பகுதியில் அதை முதலாவதாகவே வைக்கலாம். ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் உபரிநீர்தான் அடையாற்றின் தொடக்கம். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். ஒவ்வொரு புது மனைப்பிரிவும் நீர் பரவும் தாழ்நிலத்தில் கொஞ்சத்தை மண்ணிட்டு மேடாக்குகிறது. கடைவீதியைச் சுற்றிய மேட்டு நிலத்திலேயே வீடுகளை நெருக்கி அமைத்தால் ஏரியின் உள்வாயும் வாய்க்கால்களும் தப்பும்.

சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கும் அரசாணை 2022 அக்டோபரில் வந்தது. பெருநகர்ப் பகுதிக்கான இரண்டாம் முழுமைத் திட்டம் 2026இல் முடிகிறது. மூன்றாவது 2027 முதல் 2046 வரைக்கானது. விரிந்த பகுதிக்கு விதி எழுதுவோர் மூன்றைச் சேர்க்க வேண்டும்: புதிய மனைப்பிரிவின் தெருக்கள் அடுத்ததோடு கட்டாயம் இணைய வேண்டும், சிப்காட் ஒதுக்கும் தொழில்நிலத்துக்கு ஏற்ற அளவில், கம்பெனி பஸ் அரை மணிக்குள் எட்டும் தூரத்தில் குடும்ப வாடகை வீடுகளுக்கும் நிலம் ஒதுக்கப்பட வேண்டும், ஆலைகள் ஷிப்ட் நேரங்களைத் தமக்குள் சற்று மாற்றி, ஒரே பஸ்ஸைப் பகிர்ந்து ஓட்ட வேண்டும். படப்பையைச் சுற்றி இன்னும் விற்கப்படாத நிலம் இருக்கிறது. அது அடுத்த சில ஆண்டுகளில் மனைகளாகிவிடும். அதற்கு முன்பே இவ்விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.