தொண்டைமானாற்றூர்ப் பள்ளிப்படையும் துஞ்சிய மன்னர் நினைவும்

இறந்த மன்னரைத் 'துஞ்சினார்' எனக் குறிப்பது தமிழில் நெடுநாளைய மரபு. புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்புகளில் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி, சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் ஆகிய பெயர்கள் காணப்படுகின்றன. ஒரே பெயருடைய வேந்தரைப் பிரித்தறிய இவ்வடைகள் உதவின என்பர். அது மட்டுமே நோக்கமாயின் வென்ற களமோ ஆண்ட ஊரோ போதியிருக்கும். உயிர் நீத்த இடமே பெயரோடு ஒட்டி நின்றது என்பதில் இரங்கலின் சாயல் உண்டு எனக் கொள்வதே பொருத்தம்.

இவ்வழக்குச் சோழர் கல்வெட்டுகளில் மீண்டும் தழைக்கிறது. தக்கோலப் போரில் (கி.பி. 949) யானைமீதிருந்தே மாண்ட இராசாதித்தன் 'ஆனைமேற்றுஞ்சின' தேவனானான். சுந்தரசோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' எனப்பட்டான். இவர்களுக்கு முற்பட்ட முதலாம் ஆதித்தன் (கி.பி. 871-907) 'தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார்' ஆவான். அவ்வூர் இன்று தொண்டமனாடு என வழங்குகிறது. வரதய்யபாளையம், சத்தியவேடு, காளத்தி முதலிய ஊர்களை உள்ளடக்கிய வடதொண்டை நிலத்தில், பொன்முகலியாற்றின் பக்கம் காளத்தியை அடுத்துள்ளது. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்திலிருந்த இப்பகுதி 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது.

சையமலை முதல் கடல்வரை காவிரியின் இரு கரையிலும் சிவனுக்குக் கற்றளிகள் எடுத்தவன் ஆதித்தன் என அன்பிற் செப்பேடுகள் புகழும். அவன் நினைவுக்கோயிலோ காவிரிக்கரையில் எழவில்லை. பல்லவன் அபராசிதனை வென்று தான் பெற்ற தொண்டை மண்ணில், துஞ்சிய ஊரிலேயே, மகன் முதலாம் பராந்தகன் அதனை எடுப்பித்தான். ஆதித்தேசுவரம் என்றும், ஆதித்தனின் கோதண்டராமன் என்னும் விருதுப்பெயரால் கோதண்டராமேசுவரம் என்றும் அது பெயர்பெற்றது.

இதே தொண்டைநாட்டின் மேற்கு மலைப்புறத்தில், புங்கனூர் வட்டாரத்தில், வைதும்பர், பாணர், நுளம்பர் காலத்து நடுகற்கள் பல நிற்கின்றன. நடுகல் சாவை மறைப்பதில்லை. வில்லும் வாளும் ஏந்திய வீரன் வீழ்ந்த காரணத்தை எழுத்தும் சிற்பமும் நேர்முகமாகச் சொல்லும். பள்ளிப்படையில் அத்தகைய காட்சி இல்லை. கருவறையில் இருப்பது இலிங்கமே. மாண்டவன் இறைவன் பெயருக்குள் ஒடுங்கிவிடுகிறான். எனினும் இரண்டும் முற்றிலும் வேறானவை அல்ல. தொல்காப்பியர் கல்நடும் துறைகளைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அறுவகைப்படுத்தினார். அவற்றுள் பெரும்படை என்பது கல்லுக்குப் படைத்துச் சிறப்புச் செய்தலைக் குறிக்கும் எனில், பள்ளிப்படையின் வழிபாட்டை அதன் அரசவை வடிவமாகக் காணலாம். ('படை' என்னும் ஈற்றின் ஒற்றுமையை மட்டும் சான்றாகக் கொள்வது துணிபாகாது.)

தொண்டைமானாற்றூரில் அழுகையைக் காட்டிலும் உணவே நினைவின் கருவி. பராந்தகனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (கி.பி. 940-41), விழா நாள்களில் மாவிரதிகள் முதலிய பல சமயத்தார்க்கு உணவளிக்க ஏற்பாடு செய்கிறது. தந்தை துஞ்சி முப்பதாண்டுகளுக்கு மேல் கடந்தபின் பொறிக்கப்பட்டது இது. புலம்பல் சில நாள்களில் ஓயும். நிலமும் நெல்லும் பொன்னும் கொண்டு நிறுவிய அறக்கட்டளை, மன்னனை நேரிற் கண்டறியாதவரையும் அவன் பெயரால் உண்ணச் செய்யும். அவ்வாறு உண்டவருள் காளாமுக மாவிரதியர் இருந்தமை தனியே ஆராய்தற்குரியது. இறந்தோர்க்குரிய கோயில்களோடு இத்தவசியர்க்கிருந்த தொடர்பு பிற ஊர்களிலும் அறிஞரால் சுட்டப்பட்டுள்ளது.

இம்முறையில் ஓர் இழப்பும் உண்டு. மேற்பாடியில் 'ஆற்றூர்த் துஞ்சின' அரிஞ்சயனுக்கு முதலாம் இராசராசன் எடுத்த அரிஞ்சிகை ஈச்சரம் பள்ளிப்படையே என்பதைக் கல்வெட்டே வெளிப்படையாகக் கூறுகிறது. பழையாறையில் முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னைக்கு எழுப்பியது பஞ்சவன்மாதேவீச்சரம் என அவள் பெயரையே தாங்கியது. தொண்டமனாட்டிலோ விருதுப்பெயரே கோயிற்பெயராயிற்று. கோதண்டராமேசுவரம் எனக் கேட்போர் நினைப்பது அயோத்தி இராமனையேயன்றி, பொன்முகலிப் பக்கம் துஞ்சிய சோழனை அன்று.