தவிட்டில் கிடந்த உயிர்

மல்லிகைப் பூப்போல் வெளுத்த சோறு இலையில் விழுந்தால் நமக்கு மகிழ்ச்சி. தீட்டித் தள்ளிய தவிடோ மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. அந்தத் தவிட்டில் இருந்த ஒரு பொருளை அறிய ஒரு மனிதர் 26 ஆண்டுகள் உழைத்தார் என்றால் நம்புவீர்களா?

கீழை நாடுகளில் இயந்திர ஆலைகள் அரிசியைத் தீட்டத் தொடங்கிய பின் 'பெரிபெரி' என்னும் நோய் பெருகியது. கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் ஓய்ந்து மக்கள் மாண்டார்கள். மலாயாவில் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழர் பெரும்பாலும் தப்பியதை 1907இல் பிராடன் என்ற வைத்தியர் எழுதினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. காரணம் அறியாமலே நம் பாட்டிமார் காரியத்தைச் செய்து வந்திருக்கிறார்கள்!

காரணத்தைத் தேடியவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கப் பாதிரியாரின் மகனாக, அன்றைய சென்னை ராஜதானியின் நெல்லூரில் 1886இல் பிறந்தவர். 1910இல் மணிலாவில் வெடர் என்ற ராணுவ வைத்தியர் தவிட்டுச் சாற்றைக் கொடுத்து, "இதிலுள்ள மருந்து எது?" என்று ஆராயச் சொன்னார். பிற்பாடு அமெரிக்காவில் டெலிபோன் ஆராய்ச்சிச் சாலையில் உத்தியோகம் பார்த்தபோதும், ஓய்வு வேளையெல்லாம் அவருக்குத் தவிடுதான்.

1926இல் ஜாவாவில் ஜான்சனும் டோனாத்தும் அப்பொருளைப் படிகமாகப் பிரித்தார்கள். ஆனால் அதிலிருந்த கந்தகத்தைக் காணத் தவறினார்கள். அதை 1932இல் கண்டவர் ஜெர்மானியரான விண்டவுஸ். கரி 12, ஹைட்ரஜன் 17, நைட்ரஜன் 4, ஆக்ஸிஜன் 1, கந்தகம் 1 என்று அணுக் கணக்குத் தேறியது. அவை எவ்வாறு கைகோத்து நிற்கின்றன?

வில்லியம்ஸ் சல்பைட் உப்பைச் சேர்த்தார். மூலக்கூறு இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியில் இரண்டு நைட்ரஜன் அணுக்களைக் கொண்ட ஆறணு வளையம். மறுபாதியில் கந்தகமும் நைட்ரஜனும் சேர்ந்த ஐந்தணு வளையம். இரண்டையும் இணைத்திருந்தது ஒரே ஒரு கரியணுவாலான பாலம்! அது தெரிந்ததும் 1936இல் அவரும் துணைவர்களும் அப்பொருளைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். அதுவே தயமின் என்னும் வைட்டமின் பி1. வந்த உரிமைப் பணத்தின் பெரும்பகுதியைச் சத்துக்குறை நோய்களை ஒழிக்கும் நிதிக்கே அவர் அளித்தார்.

தயமின் நீரில் எளிதில் கரையும். சோடா உப்பிட்டுக் கொதிக்கவைத்தால் சிதைந்துவிடும். அரிசியைப் பலமுறை களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டும்போது, 26 ஆண்டு உழைத்துக் கண்ட பொருளைத்தான் சாக்கடையில் விடுகிறோம். அந்தக் கஞ்சியில் உப்பிட்டுக் குடித்தவர்களை நாம் ஏழைகள் என்றல்லவா எண்ணினோம்?