தெளுவு, கள், பீர்: கொங்கு நாட்டில் நொதிபானச் சுவை குறுகிய வரலாறு

கோவையிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன இளைஞர்கள் அங்குள்ள மைக்ரோப்ரூவரிகளில் கோதுமை பீர், கசப்பு தூக்கலான ஐபிஏ, கறுத்த ஸ்டௌட், புளித்த சவர் ஏல் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். ஊருக்குத் திரும்பினால் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: 'கூலிங் இருக்கா?' வகை பிரித்துச் சுவைக்கும் நாக்கு மேற்கத்திய மோகத்தால் புதிதாக வந்தது என்று பலர் கருதுகிறார்கள். கொங்கு நாட்டின் நொதிபான வரலாறு இதை ஏற்கவில்லை. மரம், பருவம், பொழுது, கலயம் என்று நுட்பமாக வகை பிரித்த ஒரு சுவை மரபு இங்கே இருந்தது. வரியும் தடையும் கொள்முதல் முறையும் அதைப் படிப்படியாகக் குறுக்கின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தானியத்தை முளைகட்டி நொதிக்க வைக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பு வரும் பகுதி, கள் சமைக்கும் முறையை ஏறத்தாழ ஒரு செய்முறைக் குறிப்பாகவே தருகிறது. குற்றாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, வாயகன்ற பாத்திரத்தில் ஆறவைத்து, அடை கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டுப் பிழிகிறார்கள். அந்த அடையை முளைகட்டிய நெல்லோடு இணைத்து விளக்குகிறது உரைமரபு. அவ்விளக்கத்தின்படி பார்த்தால் இது அரிசி பீர்தான். அந்நூல் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. எனவே கொங்குக்கு நேர்ச்சான்று ஆகாது. கொங்கின் விளிம்பிலிருந்த தகடூரின் அதியமான் அவ்வையாரோடு கள்ளைப் பகிர்ந்துண்டதைப் புறநானூறு சொல்கிறது. கரூர் அகழாய்வில் ஆம்போரா என்னும் சாடியின் ஓடுகளும், கோவையை ஒட்டிய வெள்ளலூரில் ரோமானியக் காசுப் புதையல்களும் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வணிகம் நடந்த இந்நிலத்தில், உள்ளூர்க் கள்ளும் கடல் கடந்து வந்த திராட்சை மதுவும் ஒரே காலத்தில் புழங்கியிருக்கின்றன என்று கொள்ள இவை இடம் தருகின்றன.

ஆனாலும் பிற்காலக் கொங்கின் அன்றாடப் பானம் தானியத்திலிருந்து வரவில்லை, மரத்திலிருந்தே வந்தது. சோளமும் கம்பும் ராகியும் விளைந்த மானாவாரி நிலத்தில் தானியம் வயிற்றுக்கே போதவில்லை. வேலியோரப் பனையோ நீரும் உரமும் கேட்காமல் சர்க்கரை தந்தது. காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கத்து வறண்ட மேட்டுநிலம் பனையின் நாடு. நொய்யல், அமராவதி, ஆழியாற்றுப் பாசனத்தில் தென்னை நின்றது. பொள்ளாச்சியை இன்று சூழ்ந்திருக்கும் தென்னந்தோப்புகள் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்குப் பிறகே இவ்வளவு பெருகின. அப்போது மதுவிலக்கு நடப்பில் இருந்தது. ஆகவே பழைய கொங்குக் கள்ளைப் பற்றிப் பேசும்போது பனையை முன்னே வைத்துத்தான் பேசவேண்டும்.

சுவை எங்கே பிறக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நாள்தோறும் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிதாகச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு நொதிக்காமல் இனிப்பாகவே இறங்கும். கொங்கில் அதைத் தெளுவு என்பார்கள். மற்ற இடங்களில் பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால், பழைய கலயத்தில் தங்கிய ஈஸ்ட்டும் காற்றில் வரும் நுண்ணுயிர்களும் மரத்தின் உச்சியிலேயே வேலையைத் தொடங்கிவிடும். சாறு இறங்கும்போதே பாதி கள்ளாகியிருக்கும். காலையில் இறக்கியது இனிப்பும் நுரையுமாக இருக்கும். பொழுது ஏற ஏற லாக்டிக் அமிலத்தின் புளிப்பு மேலெழும். மறுநாளைக்கு அசிட்டிக் அமிலம் மிகுந்து காடியாகிவிடும். பனங்கள் பருவத்துக்கு உரியது, காரமானது; தென்னங்கள் ஆண்டு முழுதும் கிடைப்பது, மென்மையானது. இளங்கள்ளை விரும்புபவர் விடியலில் தோப்புக்கே போனார். புளித்த கள்ளை விரும்புபவர் வேலை முடித்து அந்தியில் வந்தார். எந்த மரத்தின் கள் நன்றாயிருக்கும், யார் சீவினால் சாறு கெடாது, யார் கலயத்தைப் புகை காட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார் என்பதெல்லாம் குடிப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏட்டில் ஏறாவிட்டாலும் இதுவும் ஒரு சுவையறிவு. பிற நாடுகளில் இத்தகைய அறிவுக்குப் பள்ளியும் பட்டமும் வைத்திருக்கிறார்கள்.

காலனிய அரசு இந்த அறிவுக்குள் வரிவழியாக நுழைந்தது. 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் சீவும் உரிமையையும் விற்கும் உரிமையையும் அரசின் கையில் கொண்டுவந்தது. சீவும் மரத்துக்கு வரி விதிக்கப்பட்டது. கடை ஏலத்துக்குப் போனது. ஏலத்தில் பெருந்தொகை கட்டியவர் எந்த மரத்துக் கள் என்று பிரித்து விற்க முடியாது. எல்லாத் தோப்புக் கள்ளும் ஒரே பானையில் கலந்தது. குடிப்பவருக்கும் மரத்துக்கும் இடையே குத்தகைதாரர் வந்து நின்றதே சுவை குறுகிய வரலாற்றின் முதல் கட்டம் என்று நான் கருதுகிறேன்.

பீரும் அதே காலனியக் காலத்தில் மலைமேல் ஊன்றியது. நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதி. பின்னாளில் யுனைடெட் ப்ரூவரீஸில் சேர்ந்த ஆலைகளில் மூத்ததான காசில் ப்ரூவரி 1857-இல் தொடங்கியது. நீலகிரீஸ் ப்ரூவரியும் அக்கூட்டில் இருந்தது. இயந்திரக் குளிரூட்டல் பரவாத காலத்தில், பார்லிச் சாறு கெடாமல் நொதிக்கக் குளிர்ந்த மலைக்காற்றே வழி. இமயச் சரிவில் கசௌலி எந்தக் காரணத்துக்காக பீர் ஆலைக்குத் தேர்வானதோ, அதுவே தெற்கில் நீலகிரிக்கும் பொருந்தும். 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளை ஒன்றிணைத்து அந்த யுனைடெட் ப்ரூவரீஸை உருவாக்கினார். பெரும் பீப்பாய்களில் போன அந்த பீர் ஆங்கிலப் படைகளுக்கானது. மலையடிவாரக் கொங்கு உழவர் அதைச் சுவைத்ததற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

மதுவிலக்கு வரலாற்றில் கொங்கு முன்வரிசையில் நிற்கிறது. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது; பெரியார் சிறை சென்றபின் அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் அதைத் தொடர்ந்தார்கள். பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். 1925-இல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, 1929-இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' இதழை நடத்தினார். கல்கி அதில் துணை நின்றார். முதலமைச்சரானதும், 1937 அக்டோபர் 1 அன்று, நாமக்கல்லும் திருச்செங்கோடும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தார். கூலி முழுதும் கடையில் கரைந்த வீடுகளின் பெண்கள் இதை வரவேற்றார்கள் என்பதை மறைத்து எழுதும் எந்த வரலாறும் நேர்மையானதல்ல. எனக்குள்ள குறை வேறு: அந்த இயக்கம் சாராயத்தையும் கள்ளையும், விடியல் கள்ளையும் அந்திக் கள்ளையும் ஒரே தீமையாகக் கண்டது. நியாயமான அறச்சீற்றம் சுவை வேறுபாட்டைப் பேசவே இடமில்லாமல் செய்துவிட்டது.

1948-இல் மதுவிலக்கு மாகாணம் முழுதும் பரவியது. 1971-இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது. 1973-இல் கள்ளுக்கடைகள் மீண்டும் மூடப்பட்டன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981-இல் திறந்த கடைகள் 1987 ஜனவரி 1 முதல் மூடப்பட்டு, இன்றுவரை மூடியே இருக்கின்றன. 1948-க்குப் பின் கள் சட்டப்படி விற்கப்பட்ட காலத்தைக் கூட்டினால் எட்டாண்டை எட்டாது. 1991-இல் மலிவு விலைச் சாராயமும் நின்றது. 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. எஞ்சியவை இரண்டு: பிராந்தி முதலான ஆலை மதுவும் பீரும்.

அந்த பீரிலும் விரிவு இல்லை. இந்தியச் சந்தையைப் பெரும்பாலும் ஆள்வது ஸ்ட்ராங் எனப்படும் லாகர். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி 5 விழுக்காட்டுக்கு மேல் 8 விழுக்காடு வரை ஆல்கஹால் உள்ளது ஸ்ட்ராங் பீர். காசுக்கு எவ்வளவு ஏறும் என்ற கணக்கில் வாங்கப்படும் 650 மில்லி பாட்டில் அது. கடுங்குளிர்ச்சியாகக் குடிப்பதால் மணமும் நாவுக்கு எட்டுவதில்லை. புதுக்கள்ளில் ஆல்கஹால் பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு. அதை இறக்குவது குற்றம், 42.8 விழுக்காட்டுப் பிராந்தியை அரசே விற்கிறது. ஈரோட்டை மையமாகக் கொண்டு தமிழ்நாடு கள் இயக்கத்தை நடத்தும் செ. நல்லசாமி, கள் உணவே என்று நெடுங்காலமாக வாதிடுவதும், அதைத் தவறென்று நிறுவுவோருக்கு 10 கோடி ரூபாய் அறிவித்ததும் இந்த முரணிலிருந்து எழுந்தவை. கலப்படம் நடக்கும் என்ற அரசுத் தரப்பின் அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. தேவைக்கேற்பக் கள் இறங்காத இடங்களில் மயக்க மருந்து கலந்த நிகழ்வுகள் நாட்டின் பல பகுதிகளில் நடந்திருக்கின்றன. ஆனால் கலப்படத்துக்கு மருந்து பரிசோதனை, தடை அன்று. 2017-இல் நொதிக்காத தென்னஞ்சாறான நீராவை உரிமத்தோடு இறக்க மாநில அரசு விதி வகுத்தபோது, உணவையும் குற்றத்தையும் பிரிக்கும் எல்லை நொதித்தல் ஒன்றே என்பது இன்னும் தெளிவானது.

அந்த எல்லைக்கு ஒரு புவியியலும் உண்டு. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் தாண்டினால் கேரளம். அங்கே கள்ளுஷாப்பு சட்டப்படி நடக்கிறது. சித்தூர் வட்டத் தென்னந்தோப்புகள் அம்மாநிலத்தின் பிற மாவட்டங்களுக்கும் கள் அனுப்புகின்றன. மண், காற்று, மரம் எல்லாம் பொள்ளாச்சியுடையவைதான். கொங்குக்காரர்கள் எல்லை தாண்டிப் போய்க் குடித்து, காலைக் கள்ளா மாலைக் கள்ளா என்று கேட்டு வருகிறார்கள். பழைய சுவை மொழி அழியாமல் வாழும் இடம் அதுவே.

இனிக் கைவினை பீருக்கு வருவோம். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய பகுதியில் லாம்பிக் என்ற பீர் வடிக்கிறார்கள். காய்ச்சிய சாற்றை இரவுக் காற்றில் திறந்துவைத்து, தானாக வந்து சேரும் ஈஸ்ட்டாலும் பாக்டீரியாவாலும் நொதிக்கவிட்டு, மரப்பீப்பாயில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வைக்கிறார்கள். இளையதையும் முதியதையும் கலந்து குயூஸ் என்று விற்கிறார்கள். லாக்டிக் புளிப்பும் தோட்டத்து மணமும் கலந்த அந்த பீருக்கு உலகெங்கும் மதிப்பு. அதன் நொதித்தல் தத்துவமும் நம் கலயத்தின் தத்துவமும் ஒன்றே; காலம் மட்டும் வேறு. லாம்பிக் ஆண்டுகளில் முதிர்கிறது, கள் மணிகளில். பெங்களூரில் 2010 வாக்கில் தொடங்கிய மைக்ரோப்ரூவரி அலையில் சவர் ஏலை முதன்முதலில் குடித்த கொங்கு இளைஞருக்கு அப்புளிப்பு அந்நியமாக இராது. அவருடைய பாட்டன் அந்தியில் தேடிப் போனது அதைத்தான். தமிழ்நாட்டில் அத்தகைய சிற்றாலைகள் வளரவில்லை. வளர்ந்தால், இறக்குமதி ஹாப்ஸுக்கு முன்பாகக் கொங்கின் கம்பும் ராகியும் கருப்பட்டியும் பனஞ்சாறும் அவற்றின் கொப்பரைக்குள் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு முன் செய்யவேண்டிய ஆய்வுப்பணி ஒன்று காத்திருக்கிறது. 1986-இல் இருபத்தைந்து வயதில் பாளை சீவியவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். எந்த மாதத்தில் எந்த நிலத்துப் பனை எப்படிச் சுரந்தது, கலயத்தை எதனால் கழுவினார்கள், கடையில் யார் எந்தக் கள்ளைக் கேட்டார்கள் என்பவை அவர்களிடமிருந்து பதிவாகவேண்டும். தாராபுரம், காங்கேயம், உடுமலை வட்டாரங்களில் இதை ஊர் ஊராகத் தொடங்கலாம்; எல்லைக்கு அப்பால் சித்தூர்த் தோப்புகளில் இன்றும் ஏறுபவர்களின் முறையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் முடியும்.