பரங்கிக் குலத்துல சேர விருப்பமா?

சர்ச் யூத் குரூப்போட மிஷன் டிரிப் போய்ட்டு வந்த பசங்ககிட்ட கதை கேட்டிருக்கீங்களா? பிரசங்கம் எப்படி இருந்ததுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. மைக்ல பேசும்போது மாறிப்போன ஒரு வார்த்தை, மூணு நாளும் அதே சாம்பார், சீனியர் அண்ணனுக்கும் புதுசா வந்தவனுக்கும் நடந்த சண்டை. இதுதான் ஞாபகத்துல நிக்கும். இன்னைக்கு எபிசோடும் அப்படி ஒரு கதைதான். நடந்தது நம்ம மதுரையில, 400 வருஷத்துக்கு முன்னாடி.

1595 வாக்கில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். இயேசு சபைக்காரர், அதுக்கு முன்னாடி சிப்பாய். முத்துக்குளித்துறையிலிருந்து வியாபாரத்துக்கு வந்து போகும் பரதவர்களுக்காக ஒரு சின்ன தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருத்துவமனை நடத்தினார். ஊர்ல யாருக்கும் அவர் மேல பெரிய கோபம் கிடையாது. ஆனா 11 வருஷம் ஆகியும் மதுரைக்காரங்க ஏறக்குறைய ஒருத்தர்கூட அவர் மதத்துக்கு வரல.

ஏன்னா, ஞானஸ்நானம் கொடுக்கும்போது "கிறிஸ்தவராக விருப்பமா?"ன்னு கேட்கணும் இல்லையா? அதைத் தமிழ்ல "பரங்கிக் குலத்துல சேர விருப்பமா?"ங்கிற அர்த்தத்துல கேட்டுட்டு இருந்திருக்காங்க.

ஐரோப்பாவின் 'பிராங்க்' என்ற இனப்பெயர் அரபி, பாரசீகம் வழியா உருமாறி இங்க வந்து 'பரங்கி' ஆச்சு. பரங்கிமலை, பரங்கிக்காய் எல்லாம் இதே வார்த்தைதான். (திருப்பரங்குன்றத்தை இதுல சேர்த்துடாதீங்க, அது வேற.) பாதிரியார்கள் கணக்குல பரங்கின்னா போர்ச்சுகீசியர், கிறிஸ்தவர், அவ்வளவுதான். மதுரைக்காரர் காதுல அது வேற மாதிரி விழுந்தது: மாட்டுக்கறி தின்கிறவன், குடிக்கிறவன், குளிக்காதவன். இப்படி ஒரு கேள்விக்கு யாரு "ஆமா, சேர்றேன்"னு சொல்லுவாங்க? லாகின் பட்டன்லயே பக் வெச்சுட்டு, யூசர் ஏன் வரலன்னு 11 வருஷம் யோசிச்ச கதைதான்.

1606 நவம்பரில் ராபர்ட் டி நோபிலி வந்து சேர்ந்தார். இத்தாலியர், பெரிய இடத்துப் பையன், வயசு 29. பெர்னாண்டஸ் அப்போ 60-ஐத் தாண்டியவர். பிரச்சினை எங்கே இருக்குன்னு நோபிலிக்குச் சீக்கிரமே புரிஞ்சுது. கருப்பு அங்கியைக் கழற்றினார், காவி கட்டினார். பாதக்குறடு, நெற்றியில் சந்தனம், பிராமணச் சமையல்காரர், ஒரு நாளைக்கு ஒரே வேளை சைவச் சாப்பாடு. பூணூல்கூட உண்டு: மூணு தங்க இழை, ரெண்டு வெள்ளி இழை, அதுல ஒரு சிலுவை. நான் பரங்கி இல்லை, ரோமாபுரியில் பிறந்த ராஜ வம்சத்துத் துறவின்னு ஓலையில எழுதியே அறிவிச்சார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படிச்சார். கடைசியில் அந்த வாத்தியாரே ஞானஸ்நானம் வாங்கிக்கிட்டார்.

வேஷம் மாத்துறது மதுரைக்குப் புதுசா என்ன? அழகர்கோவில்லருந்து கிளம்பும்போது அழகரே கொண்டை போட்டு, கையில் வளரியோட கள்ளர் கோலத்துலதானே வர்றார்? இருபது கிலோமீட்டர் வழி முழுக்க, மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்னு, தல்லாகுளத்துல குதிரை வாகனம் ஏறி, வைகையில இறங்குறார். வர்றவர் நம்மள மாதிரி உடுத்தி வந்தா ஊர் ஏத்துக்கும்னு இந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நோபிலி இதைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டார்னு நான் சொல்ல வரல. ஊர் அவரைப் பார்த்து ஏன் பெருசா மிரளலன்னு யோசிக்கும்போது எனக்கு இதுதான் தோணுது.

மிரண்டது பெர்னாண்டஸ்தான். அவர் பக்கத்துலருந்து பாருங்க. 11 வருஷமா ஒரு புராஜெக்ட்டைத் தனியா இழுத்துட்டு இருக்கீங்க. நேத்து ஜாயின் பண்ணவன் தனி வீடு, தனிச் சமையல், தனி தேவாலயம்னு போயிட்டான். உங்க கூட உட்கார்ந்து சாப்பிட்டா அவன் பேரு கெட்டுப்போகுமாம். காரணம், நீங்க பரங்கி! 1610-ல் அவர் நேரா ரோமில் இருந்த சபைத் தலைவருக்கே எஸ்கலேஷன் மெயில் போட்டுட்டார். நோபிலி இந்துவாவே மாறிட்டார்னு வதந்தி ஐரோப்பா வரைக்கும் போச்சு. சொந்தக்காரரான கர்தினால் பெல்லார்மின் திட்டிக் கடிதம் எழுதினார். ஆமா, கலிலியோவை 1616-ல் எச்சரிச்ச அதே பெல்லார்மின். விளக்கத்தைப் படிச்ச பிறகுதான் அவர் சமாதானமானார்.

1619-ல் கோவாவில் பெரிய கூட்டம். நோபிலி காவியோடவே போய் நின்னார். குடுமி வைக்கலாமா, பூணூல் போடலாமா, சந்தனம் பூசலாமா, அப்புறம், குளிக்கலாமா? சிரிக்காதீங்க, சடங்குக் குளியல் பாவமா இல்லையான்னு நிஜமாவே விவாதிச்சாங்க. 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பு சொன்னார்: மூடநம்பிக்கை கலக்காமல், ஊர் வழக்கம் என்ற அளவில் எல்லாம் செய்யலாம்.

அதே ஆணையில் ஒரு வேண்டுகோளும் இருந்தது. உயர்குடியில் பிறந்தவர்கள், எளியவர்களைக் கோவிலுக்குள்ளயாவது இழிவாகப் பார்க்கக் கூடாதுன்னு. எனக்குச் சிரிப்பு நின்ன இடம் இதுதான். ஏன்னா நோபிலி போட்டது வெறும் காவி இல்லை, சாதியையும் சேர்த்துத்தான் போட்டுக்கிட்டார். அந்த உடையில் இருக்கும் வரைக்கும் தாழ்த்தப்பட்ட சாதிக்காரர் வீட்டுக்கு அவரால் போக முடியாது. இதுக்கு 1640-ல் சபை கண்டுபிடிச்ச வழி, பண்டாரசாமி என்ற இன்னொரு வகைப் பாதிரியார். முதல் ஆள் பல்தசார் ட கோஸ்டா. பண்டாரசாமிகள் எல்லாச் சாதிக்காரரிடமும் பழகலாம். ஆனா ஒரே சபை, ஒரே சாமி, ஒரே பூசை என்று இருந்தும், சந்நியாசி வேஷத்தில் இருக்கும் பாதிரியாரும் பண்டாரசாமியும் ஊர் பார்க்கச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாது. பெர்னாண்டஸோட சாப்பிட மாட்டேன்னு ஒருத்தர் எழுந்து போனதுல ஆரம்பிச்சது, விதியாவே ஆயிடுச்சு.

பெர்னாண்டஸ் கடைசி வரைக்கும் விடல. நோபிலி செய்றதெல்லாம் ஊர் வழக்கம் இல்லை, மதச் சடங்குதான்னு நிரூபிக்கணும்னு, பிராமணர்களின் கல்யாணம், சாவு, தினசரி நியமம் எல்லாத்தையும் விலாவாரியா எழுதி 1616-ல் ஒரு நூலே தயார் பண்ணார். கேஸ்ல அவர் தோத்தார், எழுத்து கையெழுத்துப் பிரதியாவே கிடந்தது. 1973-ல்தான் அச்சில் வந்துச்சு. நாயக்கர் கால மதுரையில் ஒரு வீட்டுச் சடங்கு எப்படி நடந்ததுன்னு பார்க்க இன்னைக்கு ஆராய்ச்சியாளர்கள் புரட்டுறதுல அந்தப் புகார் மனுவும் ஒண்ணு.