நாஞ்சில் நாட்டு உபாத்தியாயரும் மருமக்கள் வழியும்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் இரண்டு தாலுகாக்களைத் தன்னகத்தே கொண்டதும், பழையாற்றின் நீரையும் 1906-ஆம் ஆண்டுக்குப் பின் பேச்சிப்பாறை அணையின் நீரையும் நம்பி நெல் விளைவித்து வந்ததுமான நாஞ்சில் நாட்டிலே, ஒரு வெள்ளாளக் குடும்பத்தின் தலைவராகிய காரணவர் கண்ணை மூடினால் அவருடைய வயல்கள் யாரைச் சேரும் என்ற கேள்விக்கு நெடுங்காலம் ஒரே விடைதான் இருந்தது. அவர் பெற்ற பிள்ளைகளுக்கு அல்ல, உடன்பிறந்தாளின் பிள்ளைகளாகிய மருமக்களுக்கு. திருவிதாங்கூர் ராஜ குடும்பத்திலேயே பட்டம் மருமகனுக்குத்தான் போயிற்று. நாயர் சமுதாயத்தின் தாயமுறையும் அதுவே. தமிழ் பேசிச் சைவம் பேணிய வெள்ளாளர் இதை ஏற்றது அரசரின் நிர்ப்பந்தத்தால் என்பாரும் உண்டு, அண்டை வீட்டாரின் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்பாரும் உண்டு. நில உரிமை அரசர் குடைக்கீழ் நிலைபெற்ற அக்காலத்தில் இவ்விரண்டுக்கும் பெரிய வேற்றுமை இருந்ததாக நான் கருதவில்லை.

ஆனால் ஒரு வேற்றுமையை மட்டும் கவனிக்க வேண்டும். நாயர் ஸ்திரீ தன் தாய்வீடாகிய தறவாட்டிலேயே இருந்தாள். கணவன் போனாலும் அவள் காலடியில் இருந்த மண் அவளுடையதாகவே இருந்தது. வெள்ளாளப் பெண்ணோ கணவன் வீட்டுக்குக் குடிபோய், அங்கே மாமிக்கு அடங்கி, அவன் வயலுக்குக் கஞ்சி சுமந்து, பிள்ளை பெற்று வளர்த்து, கடைசியில் அவன் பிணம் எடுத்த கையோடு மருமக்களின் தயவை எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது. உகந்துடைமை என்ற பெயரில் மக்களுக்கு ஒரு சிறு பங்கும், நங்குடைமை என்ற பெயரில் விதவைக்கு ஜீவனாம்சமும் வழக்கத்தில் இருந்தன என்பது மெய்தான். எனினும் அவற்றைக் கையில் பெறுவதற்குக் கோர்ட்டுப் படி ஏறவேண்டும். ஏறினால் வழக்கு முடியுமுன் வயல் முடிந்துவிடும். தாய்வழித் தாயமும் தந்தைவழிக் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ் கூடியதில் விளைந்த விபரீதம் இது.

இந்த விபரீதத்தைப் பார்த்து அழுதவர் பலர். பார்த்துச் சிரிக்கவைத்தவர் ஒரு பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். 1876-ஆம் ஆண்டு ஜூலை 27-ல் தேரூரில் சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மையாருக்கும் பிறந்த தேசிகவிநாயகம் பிள்ளை, திருவிதாங்கூர் வழக்கப்படி பள்ளியில் மலையாளம் படித்தார். தமிழையோ, தேரூரை அடுத்த வாணன்திட்டில் திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் பாடம் கேட்டார். கோட்டாற்றிலும், நாகர்கோவில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும், பிறகு திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியிலும் பணிபுரிந்து 1931-ல் உபகாரச் சம்பளம் பெற்று விலகிய அவருடைய உத்தியோக சரித்திரத்தில் இதற்குமேல் விவரிக்க ஒன்றுமில்லை.

இந்த உத்தியோகத்தின் நடுவிலேதான், 1917, 1918-ஆம் ஆண்டுகளில், ‘தமிழன்’ என்ற பத்திரிகையில் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ வெளிவந்தது. ஒரு க்ஷேத்திரத்தின் மகிமையை எடுத்தோதுவதற்கென்று நம் புலவர்கள் காலங்காலமாக வளர்த்துவந்த ஸ்தல புராண அமைப்பை, படலம் படலமாகப் பிரிக்கும் அதன் சம்பிரதாயம் குலையாமல் எடுத்துக்கொண்டு, அதற்குள்ளே மூர்த்தியையும் தீர்த்தத்தையும் வைக்காமல் மாமியாரையும் காரணவரையும் மருமகனையும் குடியேற்றிவிட்டார் பிள்ளையவர்கள். மாமியின் கொடுங்கோன்மைக்கு ‘மாமி அரசியற் படலம்’. வழக்காடிச் சொத்து அழிந்த கதைக்கு ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’. இவற்றைச் சொல்பவரும் புராணம் சொல்லும் சூத முனிவர் அல்லர். ஐந்து பெண்களை மணந்த ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. சீர்திருத்தக்காரர் மேடையேறி உபதேசம் செய்தால் காரணவர்கள் மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். அடுப்படியில் இருப்பவள் தன் கதையைத் தானே, நாஞ்சில் நாட்டுப் பேச்சு வழக்கிலே, வசையும் பழமொழியும் கலந்து சொல்லும்போது எழுந்து போக எவருக்கும் மனம் வராது. பரிகாசம் செய்தவர் அந்த ஜாதிக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்லர், உள்ளே உட்கார்ந்திருந்தவர் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

தாயமுறைச் சட்டம் மாறியதற்கு இக்காவியமே காரணம் என்று சொல்வது ஸ்தோத்திரமாகுமே தவிரச் சரித்திரமாகாது. நாயர்களுக்கென 1912-லும் 1925-லும் திருவிதாங்கூரில் சட்டங்கள் பிறந்தன. அந்த அலையிலேதான் கொல்லம் 1101-ஆம் ஆண்டின் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டமும், அதாவது 1926-ல், வந்து சேர்ந்தது. ஆயினும் ஒரு சமூகம் தன் வழக்கத்தைத் தானே கைவிட இசைவதற்குமுன் அந்த வழக்கத்தைக் கண்டு வெட்கப்படத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வெட்கத்தைக் கற்பித்ததில் உபாத்தியாயருக்கு உரிய பங்கைக் குறைப்பதற்கும் நியாயமில்லை. அதிலும், மக்களுக்குத் தகப்பன் சொத்து வேண்டுமென்று இவ்வளவு வாதாடிய அவருக்கு மகப்பேறே வாய்க்கவில்லை. தம் மனைவி உமையம்மையாரை ‘தாயி’ என்று அழைத்து வாழ்ந்த அந்த மனிதரின் வழக்கில் ஸ்வயநலம் ஓர் இம்மியும் இல்லை.

அவருடைய பக்தியும் இந்தச் சிரிப்புக்கு அயலானதன்று. இளமையில் ‘அழகம்மை ஆசிரிய விருத்தம்’ பாடித் தொடங்கியவர் அவர். பின்னாளில் தேவியின் மேல் கீர்த்தனங்கள் இயற்றியவர். தேரூருக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயில் வீதிகளில் தீண்டாதார் நடக்கும் உரிமைக்காக 1926-லும் மீண்டும் 1930-லும் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-ல் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. அந்தக் காலத்தவராகிய கவி ‘தீண்டாதார் விண்ணப்பம்’ பாடியதும், ஆங்கிலக் கவி எட்வின் ஆர்னால்டைத் தழுவி, யாகத்தில் ஆடுகள் பலியாவதைத் தடுத்த புத்தரை 1941-ல் ‘ஆசிய ஜோதி’யாகத் தமிழுக்குத் தந்ததும் அம்மையின் அடியவர் என்ற அவருடைய நிலைக்கு மாறானவை என்று நினைப்பவர்கள் பக்தியைக் கோயில் மதிலுக்குள் அளக்கிறவர்கள்.

உத்தியோகத்திலிருந்து விலகி, மனைவியின் ஊராகிய புத்தேரியில் குடியிருந்த பிறகுதான் அவருடைய புத்தகங்கள் பெரும்பாலும் வெளிவந்தன: ‘மலரும் மாலையும்’ 1938-ல், அறுபத்திரண்டாம் வயதில், ‘குழந்தைச் செல்வம்’ 1941-ல், ‘உமர்கய்யாம் பாடல்கள்’ 1945-ல். இடையில் ‘காந்தளூர்ச் சாலை’ பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூலும் எழுதினார். இலக்கிய ரசிகரான டி. கே. சிதம்பரநாத முதலியார் அவர் பாடல்களைப் பாடிக்காட்டிப் பரப்பினார். 1940 டிசம்பரில் சென்னையில் கவிமணி என்ற பட்டமும் வந்து சேர்ந்தது. 1954 செப்டம்பர் 26-ல் அவர் காலமானபோது நாஞ்சில் நாடு இன்னும் திரு-கொச்சி ராஜ்யத்திலேயே இருந்தது.

பாடப் புத்தகங்களில் அவர் கிளியும் பசுவும் பாடிய குழந்தைக் கவியாகவே தங்கிவிட்டார். அது நியாயமன்று என்பது என் கட்சி. மான்மியம் புத்தகமானதே 1942-ல்தான். அப்போது சட்டத்துக்கு வயது பதினாறு. காரணவரையே கண்டிராத வாசகருக்கு இன்று அது எளிதில் பிடிபடாது. முதலில் பெரியவர் யாரையேனும் பிடித்துத் தாயமுறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு குறிப்புரையுள்ள பதிப்பாகத் தேடி எடுத்து, மாமி அரசியற் படலத்தை உரக்க வாசிக்க வேண்டும்.